நிமிடத்துக்கு 117 அடி

ஒரு பாட்டிலிருந்து டிரம்ஸைக் கழற்றிவிட்டு, பியானோவை மட்டும் மிச்சம் வைத்து, பாதி வேகத்தில் உருகிப் பாடினால் அந்தப் பாட்டின் 'உண்மையான' முகம் வெளியே வந்துவிடும் என்றொரு நம்பிக்கை இசை கேட்பவர்களிடம் பரவலாக இருக்கிறது. அந்த நம்பிக்கையோடு எனக்கு நெடுநாளாகவே பிணக்கு உண்டு. கல்லூரிக் காலத்திலிருந்து ஸ்வீடனின் பாப் இசையையும் எலெக்ட்ரானிக் இசையையும் விடாமல் கேட்டுவருகிறவனுக்கு இந்தப் பிணக்கு தவிர்க்க முடியாதது. ஏனென்றால், அந்த நாட்டிலிருந்து வந்தவற்றில் நான் உச்சத்தில் வைக்கும் பாட்டுகளில் இரண்டு, உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு அவற்றின் மெதுவாக்கப்பட்ட வடிவங்களின் வழியாகவே தெரியவந்தன. முதலாவது, கோத்தன்பர்க்கைச் சேர்ந்த உடன்பிறப்புகளான காரின் டிரையரும் ஓலொஃப் டிரையரும் 'தி நைஃப்' என்ற பெயரில் செய்த 'ஹார்ட்பீட்ஸ்'. மூலத்தில் அது சிந்தசைசர்கள் மினுங்க மினுங்கத் துள்ளிக்கொண்டு போகிற பாட்டு. அதே ஊர்க்காரரான ஹோசே கொன்ஸாலெஸ் அதை ஒற்றைக் கிதாரில் முணுமுணுப்பாகப் பாடினார். அந்த வடிவத்தைப் பின்னணியில் வைத்து, சான்ஃபிரான்சிஸ்கோவின் சரிவான தெருக்களில் சுமார் 2,50,000 வண்ணப் பந்துகள் உருண்டு குதித்து வரும் தொலைக்காட்சி விளம்பரம் 2005-இல் வந்ததும், பாட்டே கொன்ஸாலெஸுடையது என்று பலரும் எண்ணிக்கொண்டார்கள்.

இரண்டாவது, பாடகி ராபினின் 'டான்சிங் ஆன் மை ஓன்'. 2010-இல் வெளிவந்தபோது பிரிட்டன் தரவரிசையில் அது எட்டாம் இடம் வரைதான் போயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, கேலம் ஸ்காட் என்ற ஆங்கிலப் பாடகர் அதைப் பியானோவோடு, கண்ணீர் தளும்பும் குரலில், தாளமே இல்லாதது போன்ற நிதானத்தில் பாடி இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோனார். நல்ல குரல்தான், அவர்மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வடிவத்தைக் கேட்டவர்கள் எழுதிய பாராட்டுகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரு கருத்துதான் என்னை உறுத்தியது: இவ்வளவு துயரம் இந்தப் பாட்டுக்குள் இருந்ததே தெரியவில்லை, அந்த இரைச்சலுக்குக் கீழே அது புதைந்து கிடந்திருக்கிறது என்பது. அதாவது, தாளம் என்பது துயரத்தின் மேல் போட்டு மூடிய போர்வை, அதை விலக்கினால் பாட்டு தெரியும் என்கிறார்கள்.

இதே கருத்தை எனக்கு நெருக்கமான ஒருவர் வாயாலும் கேட்க நேர்ந்தது. என் சித்தப்பா இருபது வருடங்களுக்கு மேல் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கட்சி மாநாடு என்று எல்லா மேடையும் ஏறியவர். காதில் விழுந்த எதையும் அடுத்த நிமிடம் விரலில் கொண்டுவரும் திறமை அவருக்கு உண்டு. நான் பெருமையாகப் போட்டுக் காட்டிய ராபினின் பாட்டை முழுவதும் கேட்டுவிட்டு, "தம்பி, டப்பு டப்புன்னு அடிச்சுக்கிட்டே இருக்கான்" என்றார். பிறகு ஸ்காட்டின் வடிவத்தைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டவர், "இப்பதான்டா பாட்டு மாதிரி இருக்கு" என்று முடித்துவிட்டார். யாரோ முகம் தெரியாதவர்கள் சொன்னபோது எளிதாகக் கடந்துபோக முடிந்த ஒன்று, இசை தெரிந்த ஒருவர் சொன்னபோது கடக்க முடியாததாகிவிட்டது.

கணக்குப் போட்டவர்கள்

சித்தப்பாவின் மறுப்புக்குப் பின்னால் இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது. இந்தப் பாட்டுகளெல்லாம் தொழிற்சாலையில் அச்சுப் போட்டு எடுத்தவை, இதில் உணர்ச்சி எங்கிருந்து வரும் என்பது அது. தொழிற்சாலை என்ற சொல்லை நான் மறுக்கமாட்டேன். ஸ்டாக்ஹோமின் குங்ஸ்ஹோல்மன் தீவில் 1992 முதல் 2000 வரை இயங்கிய ஷைரான் ஸ்டுடியோவை வேறெப்படிச் சொல்வது? அதைத் தொடங்கிய டென்னிஸ் பாப், அதாவது டாக் வோல்லே, இசைக்கருவி வாசிப்பில் தேர்ந்தவர் அல்லர். நடன அரங்குகளில் டிஜேயாக நின்று, எந்த இடத்தில் கூட்டம் தளத்துக்கு ஓடிவருகிறது, எந்த இடத்தில் குடிக்கப் போய்விடுகிறது என்று பார்த்துப் பார்த்துக் காதைப் பழக்கிக்கொண்டவர். கோத்தன்பர்க்கிலிருந்து வந்த 'ஏஸ் ஆஃப் பேஸ்' குழுவின் மாதிரிக் கேசட் அவருடைய கார் பிளேயரில் சிக்கிக்கொண்டு வெளியே வராமல் போனது, வேறு வழியில்லாமல் போகும்போதும் வரும்போதும் அதையே கேட்க வேண்டியதானது, கேட்டுக் கேட்டு அதில் ஏதோ இருக்கிறது என்று பிடிபட்டது என்பதெல்லாம் இந்த இசையின் ரசிகர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான கதை. அந்தப் பாட்டு அவர் கையில் 'ஆல் தட் ஷீ வான்ட்ஸ்' ஆயிற்று. அதன் மெட்டு மைனர் என்ற சோகச் சாயல் கொண்ட ஸ்வர வரிசையில் இருக்கிறது, தாளமோ ரெகே வாசனையோடு சாய்ந்தாடி நடக்கிறது. பாடுகிறவளுக்கு இருக்கும் வருத்தம் அந்த டிரம் மெஷினுக்கு இல்லை.

டென்னிஸ் பாப் 1998 ஆகஸ்டில், 35 வயதில், புற்றுநோயால் இறந்துபோனார். அவர் கைதூக்கி விட்ட கார்ல் மார்ட்டின் சாண்ட்பெர்க்கைத்தான் உலகம் மேக்ஸ் மார்ட்டின் என்று அறியும். கிளாம் மெட்டல் குழுவில் பாடிக்கொண்டிருந்த இந்த மனிதர் சிறுவயதில் பிரெஞ்சு ஹார்ன் வாசிக்கக் கற்றது அரசுப் பணத்தில் நடந்த நகராட்சி இசைப்பள்ளியில். அந்தப் பள்ளிகளுக்குத் தாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஸ்வீடனின் பாப் இசைக்கு அந்நாட்டின் நீண்ட இருண்ட குளிர்காலத்தைக் காரணமாகக் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சலிப்புதான் வருகிறது. குளிரும் இருட்டும் பக்கத்து நாடுகளிலும்தான் இருக்கின்றன. ஊருக்கு ஊர் குறைந்த கட்டணத்தில் கருவி கற்றுக்கொடுத்த பள்ளிகளும், பதின்பருவக் குழுக்கள் ஒத்திகை பார்க்க இடம் கொடுத்த கல்விச் சங்கங்களும் நம்பும்படியான காரணங்கள். ஆனால் இருட்டைப் பற்றி எழுதினால்தான் கட்டுரை கவித்துவமாக இருக்கும் போலும்.

மார்ட்டினின் முறையில் மெட்டுதான் முதலில். ஒரு வரியில் எத்தனை அசைகளோ அதற்கு இணையான வரியிலும் அத்தனை அசைகள் இருந்தாக வேண்டும். பொருளைவிட ஒலி முக்கியம். 1999-இல் வந்த, பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் குழு பாடிய 'ஐ வான்ட் இட் தட் வே' பாட்டின் வரிகளை அடுக்கிவைத்துப் பார்த்தால் என்னதான் சொல்ல வருகிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பொருள் விளங்கும்படி திருத்தி எழுதிய இன்னொரு வடிவத்தையும் பதிவு செய்து பார்த்தார்கள், ஆனால் பாடிய குழுவினர் பொருள் விளங்காத பழைய வடிவமே வேண்டும் என்று அதையே வெளியிட்டார்கள். இதைச் சொல்லிச் சித்தப்பா சிரித்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "தத்தகாரத்துக்கு வார்த்தை போட்ட பாட்டையெல்லாம் ஆயுசு முழுக்க வாசிச்சவங்க நீங்க, சித்தப்பா" என்றேன். மெட்டுக்குள் சொல்லை உட்கார வைப்பதில் உணர்ச்சி செத்துவிடும் என்றால் நம் திரையிசையில் முக்கால்வாசியைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் "அதுல தபேலாக்காரன் பாட்டோட சேந்து அழுவான்டா, இதுல அழல" என்றார். அது பதிலைவிடப் பெரியது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

இடையில் ஒரு சின்ன வெற்றியும் எனக்குக் கிடைத்தது. 2004-இல் உலகமெங்கும் ஒலித்த பிரிட்னி ஸ்பியர்ஸின் 'டாக்ஸிக்' பாட்டை உருவாக்கியவர்கள் 'பிளட்ஷை அண்ட் அவான்ட்' என்ற பெயரில் இயங்கிய கிறிஸ்டியன் கார்ல்சன், போண்டஸ் வின்பெர்க் என்ற இரண்டு ஸ்வீடன்காரர்கள். அதில் ஊசி போல் வந்து குத்தும் வயலின் துணுக்கு, கே. பாலசந்தர் இயக்கிய 'ஏக் துஜே கே லியே' படத்தில் லக்ஷ்மிகாந்த் - பியாரேலால் இசையமைத்து, லதா மங்கேஷ்கரும் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் பாடிய 'தேரே மேரே பீச் மே'யிலிருந்து எடுத்தது. சித்தப்பா அந்தப் பாட்டை மேடையில் எத்தனையோ முறை வாசித்தவர். 'டாக்ஸிக்'கின் முதல் சில நொடிகளிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி போடச் சொன்னார். அதற்கப்புறம் எத்தனை முறை போட்டாலும் வயலின் வருகிற இடங்களுக்காக மட்டும் காத்திருந்தார், பிரிட்னியை அவர் பொருட்படுத்தவே இல்லை.

கருப்புக் கட்டைகள்

மேலே சொன்ன உரையாடல்களெல்லாம் எங்கேயும் போய்ச் சேராமல் சில மாதங்கள் கிடந்தன. பிறகு ஒரு மழைநாள் பிற்பகலில், மின்சாரம் வந்தும் போயுமாக இருந்த வேளையில், அவருடைய வீட்டு மாடியில் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஸ்டாக்ஹோமில் செய்யப்படும் அந்தச் சிவப்பு நிற 'நோர்டு' கீபோர்டை வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இது அதில்லை, பழைய ஜப்பானியக் கீபோர்டு, மேல் எண்மத்தில் இரண்டு கட்டைகள் எழும்பாது. ராபினின் பாட்டு ஜி ஃபிளாட்டில் இருக்கிறது என்று சொன்னதும், "யாருடா கருப்புக் கட்டையில மேஞ்சுக்கிட்டு இருக்கறது" என்று டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒன்று இறக்கிவிட்டு ஜி-யில் கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, பிடிக்கத் தொடங்கினார். முதலில் ஸ்காட்டின் வேகத்தில், மெதுவாக, ஒவ்வொரு கார்டையும் அதன் ஓசை தேய்ந்து மறையும்வரை விட்டு வாசித்தார். அழகாகத்தான் இருந்தது. அவருக்குத் திருப்தி. "பாத்தியா, அழுவுது" என்றார்.

"அதே கார்டு, 117 டெம்போவில், ரிதம் போட்டு வாசிங்க" என்று கேட்டேன். 117 என்பது ராபினின் மூலப் பாட்டில் நிமிடத்துக்கு விழும் அடிகளின் எண்ணிக்கை. ஓடுகிற வேகமும் இல்லை, உட்காருகிற வேகமும் இல்லை, கொஞ்சம் வேகமாக நடக்கிறவனின் கால் போகிற வேகம். அவர் ரிதத்தைப் போட்டார். இடது கையில் மூலத்தில் வருவது போலவே ஒரே பேஸ் ஸ்வரத்தை விடாமல் தட்டச் சொன்னேன். அந்தப் பாட்டின் அடித்தளமே அந்த உறுமும் சிந்த் பேஸ்தான். பாடுகிறவள் என்ன சொன்னாலும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வலது கையில் மெட்டு. நான் கதையைச் சொன்னேன். ஒரு நடன அரங்கு. அவள் காதலித்தவன் அங்கே வேறொரு பெண்ணோடு நிற்கிறான். இவள் மூலையில் நின்று அதைப் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே தனியாக ஆடுகிறாள். பாட்டின் பிற்பகுதியில் விளக்குகள் எரிகின்றன, இசை ஓய்ந்துவிடுகிறது என்று அவள் பாடுவாள். ஆனால் சொல்லில்தான் இசை ஓய்கிறது. பாட்டு அதைக் கேட்டுக்கொள்ளாமல் மறுபடியும் கோரஸுக்குள் புகுந்துவிடும்.

சித்தப்பா ஏழெட்டுச் சுற்று வாசித்திருப்பார். நிறுத்தப் போகிறார் என்று நினைத்த இடத்தில் நிறுத்தவில்லை. இடது கை தட்டிக்கொண்டே இருக்க, வலது கை மெட்டை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்காகக் காத்திருப்பதும் பிடிப்பதுமாக இருந்தது. அந்த மெட்டில் எங்கேயாவது ஒரு ஸ்வரத்தை இழுத்து நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மேடையில் அப்படித்தான் செய்வார், பாடகர் உருகினால் இவரும் தாளத்தை ஒரு கணம் தளர்த்திக் கொடுப்பார். இங்கே இயந்திரம் விடவில்லை. இழுத்தால் அடுத்த அடி வந்து மேலே விழுகிறது. பொத்தானை அழுத்தி ரிதத்தை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாடுறவ அழுவுறா. அடிக்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது. அதான் விஷயமா?" என்று கேட்டார்.

அதுதான் விஷயம். பல வருடங்களாக நான் சொல்ல முயன்று சொல்லத் தெரியாமல் இருந்தது அது. சோகப் பாட்டு என்றால் தாளமும் சோகத்தோடு சேர்ந்து தலைகுனிய வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். அதில் ஆறுதல் உண்டு, ஏனென்றால் உலகம் நமக்காக ஒரு கணம் நின்று கொடுக்கிறது. ஸ்வீடன்காரர்களின் நல்ல பாட்டுகளில் அந்தச் சலுகை கிடையாது. மனம் உடைந்து நிற்கிற பெண்ணைச் சுற்றி அரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறது, அவள் காலும் ஆடுகிறது, ஏனென்றால் தாளம் அவளிடம் அனுமதி கேட்கவில்லை. அந்தப் பாட்டிலிருந்து தாளத்தை எடுத்தால் அவள் வீட்டில் தனியறையில் அழுகிறாள் என்று ஆகிவிடும். வீட்டில் அழுவது வேறு துயரம். கூட்டத்தின் நடுவே, எல்லாரும் பார்க்கும்படி ஆடிக்கொண்டே அழுவது வேறு துயரம். ஸ்காட் பாடியது முதலாவது. ராபினும், அவரோடு சேர்ந்து அதை எழுதிய பாட்ரிக் பெர்கரும் செய்தது இரண்டாவது. ஒன்றை இன்னொன்றின் உண்மையான வடிவம் என்று சொல்வதில்தான் எனக்கு வழக்கு.

இதைப் புரிந்துகொண்ட பிறகு பழையவற்றையெல்லாம் திரும்பக் கேட்டேன். ஆபா குழுவின் 'டான்சிங் குவீன்' பாட்டுக்கு 1975-இல் தாளமும் கருவிகளும் மட்டும் பதிவான நிலையில், குழுவின் பென்னி ஆண்டர்சன் அந்த ஒலிநாடாவை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டபோது, அதைக் கேட்டு குழுவின் பாடகி ஃப்ரீடா அழுதுவிட்டார் என்பது அவர்களே பலமுறை சொன்ன செய்தி. அப்போது அதில் சொற்களே இல்லை. அழவைத்தது அமெரிக்க டிஸ்கோவைக் கேட்டு அமைத்த ஆட்டத் தாளமும் அதன்மேல் இறங்கி வரும் பியானோவும்தான். அதே ஆண்டின் 'எஸ்.ஓ.எஸ்.'ஸில் சரணம் டி மைனரில் ஒற்றைப் பியானோவோடு ஒடுங்கிக் கிடக்கும். கோரஸ் வந்ததும் எஃப் மேஜருக்கு ஏறிப் பொங்கும். உதவி கேட்டு அலறுகிற சொற்கள் இருப்பது அந்தப் பொங்குகிற பகுதியில். இவர்களுடைய ஒலிப்பதிவாளர் மைக்கேல் ட்ரெட்டோ, ஒரே கருவிப் பகுதியை இரண்டு முறை வாசிக்க வைத்து, இரண்டாவது முறை நாடாவின் வேகத்தை மயிரிழை அளவு மாற்றிப் பதிந்து, அந்தச் சிறு பிசிறினால் ஒலிக்கு அகலம் கொண்டுவந்தவர். ஹெட்ஃபோனில் கேட்டால் அந்தப் பிசிறுதான் மின்னுகிறது. எல்லாம் கணக்குதான், ஆனால் அந்தக் கணக்கு எனக்கு இப்போது குறையாகப் படவில்லை.

ராபின் எப்படி இங்கே வந்தார் என்பதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நிற்காது. அவர் அந்தத் தொழிற்சாலையின் பிள்ளை. பதினாறு வயதில் முதல் ஆல்பம். டென்னிஸ் பாப்போடும் மேக்ஸ் மார்ட்டினோடும் செய்த இரண்டு பாட்டுகள் 1997-இல் அமெரிக்கத் தரவரிசையில் ஏழாம் இடம் வரை போயின. 1999-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் தம் கருக்கலைப்பைப் பற்றிப் பாடியிருந்தார். அமெரிக்காவில் அந்தப் பாட்டுகளை மாற்றச் சொன்னார்கள், அவர் மாற்றவில்லை, ஆல்பம் அங்கே வெளிவரவில்லை. பின்னர் தி நைஃப் உடன்பிறப்புகளோடு சேர்ந்து 'ஹூஸ் தட் கேர்ள்' என்ற கரடுமுரடான எலெக்ட்ரானிக் பாட்டைச் செய்தார். அவருடைய நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. ஒப்பந்தத்திலிருந்து தம்மை விலைகொடுத்து விடுவித்துக்கொண்டு, 2005-இல் 'கோனிச்சிவா ரெக்கார்ட்ஸ்' என்று சொந்த நிறுவனம் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில், ஆண்ட்ரியாஸ் க்ளீருப்போடு செய்த 'வித் எவ்ரி ஹார்ட்பீட்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. வழக்கமான கோரஸுக்காகக் காத்திருப்பவரை அந்தப் பாட்டு ஏமாற்றிக்கொண்டே போகும். நடுவில் வயலின்கள் தனியாகப் பொங்கி அடங்கும். கடைசியில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி முடியும். ஷைரான் சொல்லிக்கொடுத்த எல்லாக் கணக்கும் தெரிந்த ஒருவரால் மட்டுமே எந்தக் கணக்கை விட்டுவிடலாம் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துகொள்ள முடியும் என்பது என் எண்ணம்.

2019 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவருடைய கச்சேரி முடிந்து வெளியே வந்த கூட்டம், கீழே சுரங்க ரயில் நடைமேடையில் நின்றபடி 'டான்சிங் ஆன் மை ஓன்'னைப் பாடத் தொடங்கிவிட்டது. அந்தக் காட்சிப் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. கருவி ஒன்றும் இல்லை, டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. மெதுவாக்கிப் பாடுவதற்கு இதைவிட வசதியான சூழல் இருக்க முடியாது. ஒருவரும் மெதுவாக்கவில்லை. குதித்துக்கொண்டே பாடினார்கள்.

நிற்காத தாளத்தின் விலை

இங்கேயே முடித்திருந்தால் என் கட்சிக்கு நல்லதாக இருந்திருக்கும். ஆனால் தாளம் யாருக்காகவும் நிற்காது என்பதை அழகு என்று சொல்லிக்கொண்டே போகும்போது டிம் பெர்க்லிங்கின் நினைவு வந்து குறுக்கே நிற்கிறது. உலகம் அவரை அவீச்சி என்ற டிஜேயாக அறியும். 2011-இல் 'லெவல்ஸ்' வந்தபோது அவருக்கு 22 வயது. அமெரிக்கப் பாடகி எட்டா ஜேம்ஸின் 1962-ஆம் ஆண்டுக் குரலை வெட்டி ஒட்டி, அதற்குக் கீழே ஒரு சிந்த் மெட்டை ஓடவிட்டார். அந்த மெட்டை ஒருமுறை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். இரண்டு வருடங்கள் கழித்து மயாமியின் அல்ட்ரா விழாவில் பாஞ்சோ வாசிப்பவரையும் நாட்டுப்புறப் பாணிப் பாடகர்களையும் மேடையேற்றியபோது, ஆட வந்த கூட்டத்தில் ஒரு பகுதி குழம்பிப்போய்ச் சலசலத்தது. சில மாதங்களில் அதே முயற்சியிலிருந்து வந்த 'வேக் மீ அப்' நாட்டுக்கு நாடு முதலிடத்தில் இருந்தது. இதை நான் ரசித்துச் சொல்கிறேன். ஆட்டத் தாளத்துக்கு மேல் தனிமையைப் பாடும் அந்த ஸ்வீடன் பழக்கம் அவர் கையில் மைதானங்களின் அளவுக்கு விரிந்தது.

ஆனால் அந்தத் தாளத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் ஊர் ஊராகப் போய் இரவுதோறும் நிற்க வேண்டியிருந்தது. கணைய அழற்சி, அறுவை சிகிச்சை, ரத்தான நிகழ்ச்சிகள் என்று உடம்பு பலமுறை எச்சரித்த பிறகு, 2016-இல் மேடையிலிருந்து விலகிக்கொள்வதாக அறிவித்தார். 2018 ஏப்ரல் 20 அன்று மஸ்கட்டில், 28 வயதில், அவருடைய வாழ்க்கை முடிந்தது. ஸ்டாக்ஹோமின் அந்தப் பெரிய கோள வடிவ அரங்குக்கு இப்போது அவருடைய பெயர். பாட்டுக்குள் ஒரு பெண்ணின் துயரத்தைப் பொருட்படுத்தாமல் ஓடும் பேஸ் எனக்கு அழகாகக் கேட்கிறது. ஒரு இளைஞனின் களைப்பைப் பொருட்படுத்தாமல் ஓடிய நிகழ்ச்சி அட்டவணையும் அதே பேஸ்தானோ என்ற சந்தேகத்தை என்னால் உதறிவிட முடியவில்லை. இரண்டும் வேறு என்று வாதாடலாம். பாட்டில் பாடகியே அந்த இரக்கமின்மையைத் தேர்ந்தெடுக்கிறாள், தொழிலில் அப்படியில்லை என்று சொல்லலாம். சொல்லியும் பார்த்தேன். 'லெவல்ஸ்' கேட்கும்போது அந்த வாதம் உதவுவதில்லை.

தி நைஃப் உடன்பிறப்புகளுக்கு இந்த இயந்திரத்தின்மேல் தொடக்கத்திலிருந்தே சந்தேகம் இருந்திருக்கிறது. முகமூடி போட்டுக்கொண்டுதான் படமெடுக்க விட்டார்கள். தங்கள் நாட்டின் கிராமிஸ் விருது கிடைத்தபோது, தாங்கள் போகாமல், இசைத்தொழிலின் ஆணாதிக்கத்தைக் கண்டிக்க கொரில்லா வேடமிட்டவர்களை மேடைக்கு அனுப்பினார்கள். 2006-இன் 'சைலன்ட் ஷவுட்' ஆல்பத்தில் காரின் தம் குரலைக் கருவியால் கீழே இறக்கி, ஆணா பெண்ணா மனிதரா என்று தெரியாத ஒன்றாக ஆக்கினார். அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் மெதுவாகத் துடிக்கத் தொடங்கும் அடியும், அதன்மேல் வளைந்து வளைந்து ஏறும் சிந்த் வரிசையும் எனக்கு இன்றும் இந்த இசை முழுவதிலும் ஒப்பற்றவை. மக்கள் கிதாரில் கேட்டு உருகிய 'ஹார்ட்பீட்ஸ்'ஸை எழுதியவர்கள் இவர்கள்தான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. 2014-இல், வேண்டாம் என்று தாங்களே கலைத்துவிட்டுப் போனார்கள். விலகத் தெரிந்தவர்கள் என்ற வகையில் எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை உண்டு.

ராபினும் நின்றார். அவருடைய நெடுநாள் இசைத்தோழர் கிறிஸ்டியன் ஃபால்க் 2014-இல் இறந்துபோன பிறகு, ஒரு காதல் முறிவும் சேர்ந்துகொள்ள, தனி ஆல்பம் எதுவும் வராமலே ஆண்டுகள் போயின. 2010-இன் 'பாடி டாக்'குக்குப் பிறகு 2018 அக்டோபரில்தான் 'ஹனி' வந்தது. அதன் தலைப்புப் பாட்டின் முந்தைய வடிவம் 2017-இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஒலித்தபோதே ரசிகர்கள் அதை வெளியிடச் சொல்லி நச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் காக்க வைத்து அவர் கொடுத்ததோ அந்த வடிவம் அல்ல. முந்தையதில் அடி முன்னால் வந்து நின்றது. இறுதி வடிவத்தில் அது பின்னால் போய், மழுங்கி, ஈரம் ஏறிக் கிடக்கிறது. வெடிக்கப்போகிறது என்று காத்திருக்கும் இடங்களில் வெடிக்காமல், அப்படியே சுற்றிச் சுற்றி வருகிறது. ஏமாந்தவர்கள் பலர். தொடரில் வந்த வடிவமே மேல் என்று இன்றும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் என் நண்பர்கள்.

என் வாதத்தின்படி நானும் அவர்கள் பக்கம்தான் இருக்க வேண்டும். கூர்மையான அடி, இரக்கமில்லாத பேஸ் என்று இவ்வளவு நேரம் பேசிவிட்டு மழுங்கிய அடியை எப்படிப் புகழ்வது? ஆனால் நான் இறுதி வடிவத்தின் பக்கம் இருக்கிறேன். அதில் ராபின் தாளத்தைக் கழற்றவில்லை, பியானோவுக்கு முன்னால் போய் உட்காரவும் இல்லை. அடி அதன் வேகத்தில் போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் இந்த முறை பாடுகிறவள் அதை எதிர்த்துப் பாடவில்லை, அதற்குள்ளேயே இருக்கிறாள். 'டான்சிங் ஆன் மை ஓன்'னில் குரலுக்கும் பேஸுக்கும் நடுவே இருந்த அந்தக் கொடுமையான இடைவெளி இங்கே இல்லை. அந்த இடைவெளிக்காகவே இந்த இசையை இத்தனை காலம் கேட்டவன் நான். அது மூடப்பட்ட பாட்டும் எனக்கு எப்படிப் பிடிக்கிறது என்பதற்கு என்னிடம் இன்னும் விளக்கம் இல்லை. அதனால் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் போட்டு, முதலில் பேஸை மட்டும், அடுத்து குரலை மட்டும் கவனித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.